ஊ.வா. நாற்பது, வடக்கு

1991-ம் வருடம் மாசி மாதக் கடைசியில் எங்கள் வீட்டு மாடி ரூமுக்கு அவள் குடி வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் வீடு. கீழே நானும் என் கணவரும் எட்டு மாதக் கைக்குழந்தையும். மேலே ஒரே ஒரு ரூம், அதை ஒட்டி மொட்டை மாடி. அப்போது இந்தப் பக்கம் இவ்வளவு கம்பெனிகள் கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டிருந்த காலம். வெளியூர் ஆட்கள் ரூம் கேட்டு வருவதே எங்களுக்குப் புதுசு. அதிலும் தனியாக ஒரு பெண் வந்து கேட்டது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை.

ஏறக்குறைய என் வயதுதான், முப்பது இருக்கும். ஆனாலும் வீட்டுக்காரி என்பதால் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டாள். பெங்களூர் ரோட்டில் இருந்த ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் வேலை என்றாள். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ரூம் பார்க்க வந்த அன்று அவள் ரூமுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்று, நாலு திசையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“இங்கன மறைப்பே இல்லக்கா. வடக்கு முழுசும் தெளிவா தெரியுது. எனக்கு இது போதும்” என்றாள்.

தண்ணீர் வருமா, அடுப்பு எங்கே வைப்பது, ஒன்றும் கேட்கவில்லை. வாடகைக்கு வருகிறவள் வானம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பாளா? அந்த நிமிடமே என் மனதில் ஒரு முள் விழுந்துவிட்டது. ஆனாலும் மறுக்கக் காரணம் இல்லை. ரூமைக் கொடுத்தோம்.

வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். எதிர் வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“உன் வூட்டு மாடியில கீறாளே, அவ இன்னா பண்றா தெரியுமா? காலைல கண்ணாடி மாதிரி ஒண்ணை வச்சிக்கினு எல்லார் வூட்டையும் பாத்துக்கினு கீறா.”

மறுநாள் விடிந்ததும் பால் காய்ச்சும் சாக்கில் எழுந்து படியேறிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வடக்கே பார்த்தபடி நின்றிருந்தாள். பக்கத்தில் சுவர்மேல் நீளமான ஒரு நோட்டு, நடுவே பென்சில். பார்ப்பதும் குனிந்து எழுதுவதுமாக இருந்தாள்.

“இன்னாம்மா பாக்கற?” என்றேன்.

“பறவைக்கா. தெக்க இருந்து வடக்க போறதைப் பாக்கேன். பங்குனி, சித்திரைலதான் எல்லாம் திரும்பிப் போகும். ரெண்டு மாசம்தான் தெரியும், அப்புறம் வானம் காலியாயிடும்.”

நான் தலையாட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஆனால் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. பறவையைப் பார்ப்பதற்காக ஒருத்தி விடியற்காலையில் எழுந்து நிற்பாளா? காக்கையும் மைனாவும் யார் வீட்டில் இல்லை? என் கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஆயிரம் விதமான ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்.

“நம்ம வூட்ட எட்டிப் பாக்கலையே? வுடு” என்றார்.

அன்றிலிருந்து என் காது மாடியிலேயே இருந்தது. அவள் நடந்தால் கேட்பேன், கதவு சாத்தினால் கேட்பேன். துணி காயப்போட ஒரு தடவை போதும் என்றால் நான் மூன்று தடவை போவேன். அவள் பேசும் தமிழே எனக்குப் பாதி புரியாது. ‘சொல்லுதேன்’, ‘வந்தியளா’, ‘அவிய’ என்றெல்லாம் பேசுவாள். எதிர் வீட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு, “இது நாகர்கோவில் பேச்சு மாதிரியா கீது? சிலோன்காரங்க பேச்சு மாதிரில்ல கீது” என்று ஒரு நாள் சொல்லி வைத்தார். நாகர்கோவில்காரர் ஒருவரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிலோன்காரரையும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் குழந்தையின் துணிகளை எடுக்க மாடிக்குப் போனேன். அவள் வேலை முடிந்து வந்து, சீருடைப் புடவைகூட மாற்றாமல் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, நல்ல நேரத்துக்கு வந்திய. இந்தா, இதுல பாருங்க” என்று பைனாகுலரை என் கையில் திணித்தாள்.

கண்ணில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு மங்கல், அவ்வளவுதான். கதை விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அதை வாங்கிக்கொண்டு என் தோளைப் பிடித்துத் தெற்குப் பக்கமாகத் திருப்பினாள்.

“கண்ணாடி வேண்டாம். வெறுங்கண்ணாலயே பாருங்க. அந்தத் தென்னைக்கு மேல.”

பார்த்தேன். தென்னை மரத்துக்கு வெகு உயரத்தில், செம்மண் நிற வானத்தில், அறுந்த நூல் ஒன்று மிதப்பதுபோல ஏதோ வந்துகொண்டிருந்தது. கிட்டே வர வர அந்த நூல் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பறவை. கழுத்தை நீட்டிக்கொண்டு, வேகவேகமாகச் சிறகடித்துக்கொண்டு, ஒன்றின் பின் ஒன்றாக எங்கள் வீட்டுக்கு நேர் மேலே போயின. எவ்வளவு உயரம்! ஆனாலும் சிறகுச் சத்தம் விசிறி மட்டை வீசுவதுபோல லேசாகக் கேட்டது. நான் கையில் துணியோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“நாப்பது” என்றாள் அவள், எழுதிக்கொண்டே. “ஊசிவால் வாத்துக்கா. வாலு ஊசி மாதிரி நீண்டிருக்கும். கரிக்கிலி ஏரில மழைக்காலம் பூரா இருந்துட்டு இப்ப கெளம்புதுவ.”

“எங்க போவுது?”

“இமயமலையைத் தாண்டிப் போகும். ரஷ்யா வரைக்கும்.”

அதுவரை மயங்கியிருந்த நான் சட்டென்று விழித்துக்கொண்டேன். ஏரியில் மேயும் வாத்து இமயமலையைத் தாண்டுமாம், ரஷ்யாவுக்குப் போகுமாம்! என்னை எவ்வளவு ஏமாளி என்று நினைக்கிறாள்? கீழே வந்து எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அது கொக்குடி. சாய்ங்காலம் ஆனா ஏரிக்குத் திரும்பும்.” ஆமாம், கொக்குதான் என்று நானும் முடிவு செய்துகொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அவள் வேலைக்குப் போயிருந்ததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். கார்டு என்பதால் படிக்கும்படி திறந்துதான் இருந்தது. படித்திருக்கக் கூடாது. படித்தேன்.

‘இங்கே கடைசிக் கூட்டம் நேற்று விடியலில் கிளம்பிவிட்டது. இருநூறு பேர் இருப்பார்கள். மதுரையில் பார்த்ததாகத் தகவல் வந்தது. உங்கள் ஊரைத் தாண்டும் நாளை உடனே எழுதவும். இந்த முறை பாதை கொஞ்சம் மாறியிருக்கிறது.’

இருநூறு பேரா? எங்கே கிளம்பினார்கள்? என்ன பாதை? கணவர் ராத்திரி வந்ததும் காட்டினேன். அவரும் இரண்டு தடவை படித்தார். “குருவியப் பத்தித்தான் எழுதியிருப்பாங்க” என்றார். ஆனால் முன்புபோல ‘வுடு’ என்று அவர் சொல்லவில்லை. கார்டை அவளிடம் கொடுத்தபோது அவள் அங்கேயே நின்று படித்து, “நம்ம சார் எளுதியிருக்காரு” என்று சந்தோஷமாகச் சிரித்தாள். யார் அந்த சார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தேன்.

மே மாத நடுவில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். தங்கைக்கு வளைகாப்பு என்றாள். “பறவை எல்லாம் போயாச்சுக்கா, இனி எனக்கு இங்கன வேலை இல்ல” என்று சிரித்துக்கொண்டே ரூமைப் பூட்டினாள்.

அவள் போன மூன்றாம் நாள்தான் எங்கள் ஊரில் அது நடந்தது. தேர்தல் கூட்டத்தில் வெடித்த அந்தக் குண்டைப் பற்றி நான் சொல்லித்தான் யாருக்கும் தெரிய வேண்டும் என்றில்லை. இறந்துபோனவர்களில் எங்கள் பக்கத்துச் சனங்களும் இருந்தார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊர் எங்கள் ஊராகவே இல்லை. தெருவெங்கும் போலீஸ். கடைகள் திறக்கவில்லை. குண்டு வைத்தது வெளியாள், அதில் ஒரு பெண்ணும் உண்டு, சிலோன் பேச்சு பேசுகிறவர்கள் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். வெளியூர் ஆட்களை யார் யார் குடி வைத்திருக்கிறீர்கள், வந்து சொல்லுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிப் போனார்கள்.

எதிர் வீட்டு அக்கா அன்றைக்கே வந்துவிட்டார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

“உன் மாடியில இருந்தாளே, எங்க அவ?”

“ஊருக்குப் போயிருக்கா.”

“எப்போ?”

சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நானும் அவர் முகத்தையே பார்த்தேன்.

எங்களிடம் ஒரு மாற்றுச் சாவி இருந்தது. மாடியேறி ரூமைத் திறந்தேன். ஒரு பாய், ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், கொடியில் ஒரு புடவை. ஜன்னல் திட்டில் அந்த நீள நோட்டு. எடுத்துப் பிரித்தேன். பக்கம் பக்கமாக எழுத்தும் எண்ணும். ‘ஊ.வா. 40 – வ. – மாலை 6.10.’ ‘நீ.சி. 115 – வ.கி.’ ‘சூ. கு. – கணக்கில்லை – காலை 5.50.’ நடுவே மடித்து வைத்த காகிதத்தில் கையால் வரைந்த தமிழ்நாட்டுப் படம். நாகர்கோவில், மதுரை, திருச்சி, எங்கள் ஊர். ஒவ்வொன்றிலிருந்தும் வடக்கு நோக்கி அம்புக்குறி.

அந்த நோட்டில் பழைய வருடங்களும் இருந்தன. பார்த்தேன், ஆனால் மனதில் பதியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அம்புக்குறிகளும் எங்கள் ஊரின் பெயரும்தான்.

கணவர், “அவசரப்படாத. அவ வரட்டும், கேக்கலாம்” என்றார்.

“வருவாளா? வரமாட்டா. நாளைக்கு வேற யாராவது சொன்னா நம்மளத்தான் புடிப்பாங்க. கைக்குழந்தைய வச்சிக்கினு நான் எங்க போவேன்?” என்று அழுதேன். எதிர் வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு நானே போய் நோட்டைப் போலீஸிடம் கொடுத்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகியது. “அவங்க திரும்பி வந்தா உடனே சொல்லுங்க. எதுவும் காட்டிக்காதீங்க” என்றார்.

லீவு முடிந்த அன்று, சொன்னபடியே, அவள் வந்துவிட்டாள். பகல் இரண்டு மணி இருக்கும். பஸ் சரியாக இல்லாமல் எங்கெங்கோ மாறி வந்திருக்கிறாள். முகமெல்லாம் புழுதி. வாசலில் நின்றபடியே பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“முந்திரிக்கொத்துக்கா. வளைகாப்புக்குச் செஞ்சது. ஊர்ல என்னெல்லாமோ ஆயிடுச்சாமே, உங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா? எனக்கு ஒரே கவலை.”

நான் வாங்கிக்கொண்டேன். “ஒண்ணும் இல்ல, போய் முகம் கழுவு” என்றேன். எதிர் வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். அவள் படியேறியதும் அவர் தெருமுனையில் நின்ற போலீஸை நோக்கி நடந்ததை நான் பார்த்தேன். அந்தப் பொட்டலத்தின் எண்ணெய் என் விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

இரண்டு நிமிடத்தில் அவள் இறங்கி வந்தாள்.

“அக்கா, ரூம்ல ஒரு நோட்டு வச்சிருந்தேன். நீளமா இருக்கும். காணோம். நீங்க எடுத்து வச்சிருக்கியளா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் போலீஸும் இறங்கினார். அவள் ஜீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த நிமிடமே அவளுக்குப் புரிந்துவிட்டது. காலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு போனாள்.

மாலை இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காலையில் மறுபடி வரச் சொல்வார்கள். இரண்டு நாள் இப்படி. அந்த இரண்டு சாயங்காலமும் அவள் எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தாள். ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கணவர் கேட்டார். தெருவில் யாராவது பார்த்தால் என்று நான் தடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் என்னையும் வரச் சொன்னார்கள். அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த அதிகாரியின் முன்னால் நோட்டு திறந்து கிடந்தது.

“ஊ.வா.ன்னா ஊசிவால் வாத்துன்னு சொல்றாங்க. நீ.சி.ன்னா நீலச்சிறகியாம், அதுவும் வாத்தாம். சூ.கு. சூறைக்குருவி. வ.ன்னா வடக்கு. எங்க, காட்டுங்கன்னு கேட்டா இப்ப ஒண்ணுமே இல்லன்றாங்க” என்றார் அவர், என்னைப் பார்த்து.

“இல்ல சார். எல்லாம் போயாச்சு. ஐப்பசி பிறந்தாத்தான் வரும்” என்றாள் அவள். “எங்க ஊரு ட்ராயிங் வாத்தியார் ஆரம்பிச்சது சார் இது. சின்னதுல உப்பளத்துல அம்மாகூட வேலைக்குப் போகும்போது அவருதான் பேரு சொல்லித் தந்தாரு. இப்ப நாலு ஊர்ல ஆள் இருக்கோம். அவங்கவங்க வீட்டு மேல எது எப்ப போகுதுன்னு எளுதி அனுப்புவோம். ஒம்பது வருசமா எளுதுதேன். வேற ஒண்ணுமில்ல.”

அதிகாரி என்னிடம் திரும்பினார்.

“நீங்க வீட்டுக்காரங்க. தினம் மேல போய் வர்றவங்க. அந்த மாதிரி பறவைக் கூட்டம் எதையாவது நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?”

பார்த்திருந்தேன். தென்னைக்கு மேலே வந்த அந்த நூல், சிறகுச் சத்தம், அவள் ‘நாப்பது’ என்று சொன்னது எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவிருந்தது. அந்த நோட்டிலேயே அந்த நாளும் நேரமும் இருந்தன. அவள் பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஆமாம் என்றால், பிறகு எதற்கு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாய் என்று கேட்பார்களே? நானும் இவளுக்கு உடந்தை என்று நினைத்துவிட்டால்?

“இல்ல சார். நான் எதையும் பாக்கல” என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கதவோரம் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். செம்பரம்பாக்கம் பக்கத்துக் கிராமத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. அவர் தயங்கித் தயங்கி, “ஐயா, நான் ஒரு வார்த்தை கேக்கலாமா?” என்றார். அதிகாரி தலையசைத்தார்.

“இன்னாம்மா, எல்லாத்தையும் எழுதிக்கினு கீற. எங்க ஏரியில நத்தைகொத்தி நாரை அவ்ளோ கீதே, அது ஏன் உன் நோட்டுல இல்ல?”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் குரலில் பழைய சுறுசுறுப்பு வந்தது. “அது வலசை போறது இல்ல சார். தண்ணி இருக்குற எடம் பாத்து இங்கனக்குள்ளயே மாறிக்கிடும். நான் தூரமாப் போறத மட்டும்தான் எளுதுதேன்.”

போலீஸ்காரர் அதிகாரியைப் பார்த்தார். “சரியாத்தான் சொல்லுதுங்கய்யா. இந்த ஊசிவாலும் எங்க ஏரிக்கு வரும். மழையோட வரும், வெயில் ஏறுனா ஒண்ணுகூட இருக்காது. எங்க போவுதுன்னு எங்களுக்கே தெரியாது. இந்தப் பொண்ணு நோட்டுல போட்டிருக்கிற மாசமெல்லாம் சரியாத்தான் கீது.”

அதிகாரி நோட்டை மூடி வைத்தார். அன்று மத்தியானமே நாகர்கோவிலிலிருந்தும் தகவல் வந்துவிட்டது. அந்த ட்ராயிங் வாத்தியாரை விசாரித்திருக்கிறார்கள். அவர் வீட்டில் இதே மாதிரி அலமாரி நிறைய நோட்டுகளாம். அவளை அனுப்பிவிட்டார்கள். விசாரணை எல்லாம் முடியும்வரை நோட்டு மட்டும் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் ரூமைக் காலி செய்தாள். கம்பெனியில் லீவு தாண்டிவிட்டது, போலீஸ் விசாரணை வேறு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெட்டியோடு கீழே வந்து சாவியை என்னிடம் நீட்டினாள். நான் அழுதுவிட்டேன்.

“குழந்தைய வச்சிக்கினு பயந்துட்டம்மா. உன் பேச்சு, அந்த கார்டு, அந்தப் படம், எல்லாம் சேந்து...”

“நோட்டக் குடுத்தது தப்பில்லக்கா” என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். “ஊரு கெடந்த கெடப்புக்கு நானா இருந்தாலும் பயந்திருப்பேன். நீங்க கேட்டிய, நான் பறவைன்னு சொன்னேன், நீங்க நம்பல. அதுவும் போகட்டும். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் நீங்க பாத்தியல்லா? என் பக்கத்துலதான நின்னிய? அதை ஏன்க்கா இல்லன்னு சொன்னிய?”

நான் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். அவள் என் இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். முகவரி கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஒன்பது வருட உழைப்பு அந்த நோட்டு. அதையாவது மீட்டு அவளிடம் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் பல தடவை அலைந்தோம். விசாரணைக் காகிதங்களோடு சென்னைக்குப் போய்விட்டது என்றார்கள். சென்னையில் எங்கே என்று கேட்க எங்களுக்கு வழி தெரியவில்லை. அது திரும்பவே இல்லை.

இப்போது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வெளியூர் ஆட்கள்தான். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று சுற்றிலும் கம்பெனிகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வந்து தூங்கிவிட்டுப் போகிறார்கள். எங்கள் மாடியிலும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்கு ஒரு வார்த்தையும் புரிவதில்லை. ‘எப்படிப்பட்டவங்க, நம்பலாமா?’ என்று அக்கம்பக்கத்தில் அவ்வப்போது வந்து கேட்பார்கள். பயம் எனக்கும் வருகிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் யார் கேட்டாலும், என் மனதில் ஓடுவதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, இந்த இரண்டு கண்ணால் நான் பார்த்தது எதுவோ அதை மட்டும், ஒன்று கூட்டாமல், முக்கியமாக ஒன்றையும் மறைக்காமல் சொல்லப் பழகியிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்படிச் சொல்லத் தவறியதற்கு எனக்கு இன்றுவரை மன்னிப்புக் கிடைக்கவில்லை.